டெண்டர் பெட்டி போச்சு, டிஜிட்டல் சாவி வந்தாச்சு: சின்ன சப்ளையருக்கு இ-டெண்டரால் என்ன லாபம்?

627756. இது சங்கரன்கோவிலின் அஞ்சல் குறியீட்டு எண். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தைத் திறந்து, இடம் வாரியாகத் தேடும் பக்கத்தில் இந்த ஆறு எண்களைத் தட்டிப் பாருங்கள். அன்றைக்கு இந்த ஊர்ப் பக்கம் ஏதாவது டெண்டர் திறந்திருந்தால் வந்து நிற்கும். என்ன வேலை, கடைசித் தேதி என்ன, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், எப்போது திறக்கிறார்கள் எல்லாமே இருக்கும். ஒரு கேப்ட்சாவைத் தாண்டினால் போதும். லாகின் கிடையாது. கட்டணம் கிடையாது. 'நீ யாரு, யார் ஆளு' என்று கேட்க அங்கே யாரும் கிடையாது.

'இதுல என்ன இருக்கு, எல்லாந்தான் ஆன்லைன்ல வருதே' என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பெரியப்பாவிடம் பேசும் வரை.

பெரியப்பா 1990-களில் சின்னச் சின்ன அரசு வேலைகளை எடுத்துச் செய்தவர். கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, பெஞ்சு டெஸ்க் சப்ளை இப்படி. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மூணு மணிக்குப் பொட்டிய மூடுவாங்க. ரெண்டு மணிக்கே வாசல்ல நாலு பேரு நிப்பான். அடிக்கவெல்லாம் மாட்டான் புள்ள. 'வாங்க மாமா, ஒரு டீயக் குடிப்போம்'னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவான். டீயக் குடிச்சு, வடையத் தின்னு, கதை பேசி முடிச்சுத் திரும்பி வந்தா பொட்டிய மூடியிருக்கும். கவரு என் சட்டைப் பையிலயே கெடக்கும்."

இ-டெண்டரால் சப்ளையருக்கு என்ன நன்மை என்று கேட்டால் அதிகாரப்பூர்வ பதில்கள் நிறைய வரும்: வெளிப்படைத்தன்மை, நேரம் மிச்சம், காகிதம் மிச்சம். எல்லாம் சரிதான். ஆனால் பெரியப்பாவின் டீக்கடையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், எது உண்மையில் மாறியது, எது மாறவே இல்லை என்பது புரியும்.

பெட்டியைச் சுற்றி என்ன நடந்தது?

பழைய முறையில் டெண்டர் போடுகிற ஆள் பல இடங்களில் தன்னைக் காட்டிக்கொண்டே ஆக வேண்டும். முதலில் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி ஃபாரம் வாங்க வேண்டும். யார் யார் வாங்கினார்கள் என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்து முன்வைப்புத் தொகைக்காக வங்கியில் டிடி எடுக்க வேண்டும். சின்ன ஊரில் வங்கிக் கவுன்ட்டரும் டீக்கடையும் ஒன்றுதான். ஒருவர் டிடி எடுத்தால் அன்று சாயங்காலத்துக்குள் வேண்டியவர்களுக்குச் செய்தி போய்விடும். கடைசியாக, குறித்த நாளில் குறித்த நேரத்துக்குள் கவரைக் கையால் பெட்டியில் போட வேண்டும்.

இப்படி எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவதால்தான் 'ரிங்' சாத்தியமானது. போட்டியாளர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். பெயருக்கு இரண்டு பேர் கூடுதல் தொகைக்கு டெண்டர் போடுவார்கள். ரிங்குக்குள் இல்லாத ஒருவர் வந்தால், அவருக்குத்தான் டீ.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் நிறைவேறி, 2000-ல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதாக இருந்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். மாவட்ட அளவில் டெண்டர் அறிவிப்பிதழ் வெளியிட வேண்டும். இதெல்லாம் அந்தக் காலத்து விதிகள்தான். ஆனால் எந்த விதியும் அலுவலக வாசலில் நிற்கிற நாலு பேரைப் பற்றிப் பேசவில்லை. அதைச் செய்தது சட்டம் இல்லை, மென்பொருள்.

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் 2003-லேயே மின்னணு கொள்முதலைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு இப்போது பயன்படுத்துவது தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருள். பல மாநிலங்களிலும் இதேதான். பல வருடம் சில துறைகள் இ-டெண்டர், சில துறைகள் பெட்டி என்று இரண்டும் கலந்தே ஓடியது. 2023-ல்தான் மாநில அரசுக் கொள்முதலுக்கு இ-டெண்டர் கட்டாயம் என்ற நிலை வந்தது.

புதுப் பெட்டிக்குப் பூட்டு எப்படி?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் 'ஆன்லைன்ல போட்டா ஆபீஸ்ல இருக்கவங்க முன்னாடியே பார்த்துட மாட்டாங்களா?' என்பதுதான் பலருக்கும் முதலில் வருகிற சந்தேகம்.

இ-டெண்டர் போட முதலில் வேண்டியது டி.எஸ்.சி. எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு டோக்கனில் இது வரும். 2021 ஜனவரியிலிருந்து இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நிறுத்தப்பட்டுவிட்டதால், இப்போது மூன்றாம் வகுப்புதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி, இதைச் செருகிப் பின் நம்பர் அடித்துப் போடும் கையொப்பம் பேனாக் கையெழுத்துக்குச் சமம். இந்த வரியை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்கள் ஏற்றும் டெண்டர் பொதுவாக இரண்டு உறைகளாகப் போகும். ஒன்று தொழில்நுட்ப உறை: பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி., அனுபவச் சான்று, முன்வைப்புத் தொகை கட்டிய விவரம். இன்னொன்று விலை உறை: எக்ஸெல் கோப்பில் நீங்கள் நிரப்பும் தொகை. இரண்டும் சர்வருக்குப் போகும்போதே மறையாக்கம் செய்யப்பட்டுவிடும். அதைத் திறக்கும் சாவி ஒரே அதிகாரியிடம் இருக்காது. டெண்டர் திறப்பதற்கென்று முன்கூட்டியே நியமிக்கப்பட்டவர்களில் குறைந்தது இரண்டு பேராவது தங்கள் டோக்கனோடு வந்து, குறித்த நேரத்துக்குப் பிறகு திறந்தால்தான் திறக்கும். நம் வீடுகளில் சீட்டுப் பணப் பெட்டிக்கு ரெண்டு பூட்டுப் போட்டு ரெண்டு பேரிடம் சாவி கொடுப்போமே, அதே கணக்கு.

முக்கியமான இன்னொன்று, கடிகாரம். அலுவலகச் சுவர்க் கடிகாரம் கணக்கில் இல்லை, சர்வர் கடிகாரம்தான். மூன்று மணி என்றால் மூன்று மணி. யாருக்காகவும் ஐந்து நிமிடம் முன்னால் மூடாது, யாருக்காகவும் ஐந்து நிமிடம் காத்திருக்காது. அதுவரை நீங்கள் உங்கள் டெண்டரைத் திருத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். ஏற்றி முடித்ததும் எண், தேதி, நேரத்தோடு ஓர் ஒப்புகை ரசீது வரும். 'கவர் வரவே இல்லையே' என்று யாரும் சொல்ல முடியாது.

முன்வைப்புத் தொகையையும் பல டெண்டர்களில் நெட் பேங்கிங் வழியாகவே கட்டலாம். வேலை கிடைக்காவிட்டால் அதே கணக்குக்குத் திரும்பும். வங்கிக் கவுன்ட்டரில் கதை கசிவதும் இதோடு நின்றது.

ஆக, யார் டெண்டர் போடப் போகிறார்கள் என்பது திறக்கும் வரை வெளியே தெரியாது. தெரியாவிட்டால் யாருக்கு டீ வாங்கிக் கொடுப்பது? என்னைக் கேட்டால் சின்ன சப்ளையருக்குக் கிடைத்த மிகப்பெரிய லாபம் இதுதான். மிச்சமெல்லாம் இதற்கு அப்புறம்.

தோற்றாலும் ஒரு லாபம்

மிச்சத்தில் முதலாவது பயணம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிவதற்கு முன்பு, சங்கரன்கோவில்காரருக்கு எதற்கெடுத்தாலும் திருநெல்வேலிதான். சென்னையில் ஒரு டெண்டர் என்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு போக, ஓர் இரவு வர, நடுவில் லாட்ஜ். ஃபாரம் வாங்க ஒரு தடவை, கவர் போட ஒரு தடவை, திறக்கும்போது பார்க்க ஒரு தடவை. இரண்டு லட்ச ரூபாய் சப்ளைக்கு இவ்வளவு செலவு செய்து, கிடைக்குமா கிடைக்காதா என்றே தெரியாமல் யார் போவார்கள்? இப்போது அந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. திறப்பதையும் உங்கள் லாகினில் இருந்தே பார்க்கலாம்.

இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விலை உறை திறந்ததும் யார் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்ற ஒப்பீட்டு அட்டவணையை மென்பொருளே தயாரித்துவிடும். முன்பெல்லாம் தோற்றவருக்குத் தோற்றது மட்டும்தான் தெரியும். இப்போது எத்தனை ரூபாயில் தோற்றோம் என்று தெரிகிறது. தொழில்நுட்ப உறையிலேயே நிராகரிக்கப்பட்டால் அந்த விவரமும் பதிவாகிறது. நான்கு டெண்டரில் தோற்று, நான்கு அட்டவணையையும் உட்கார்ந்து படித்த ஒருவருக்கு, அந்தப் பொருளுக்குச் சந்தையில் என்ன விலை போகிறது, எந்தக் கம்பெனி எப்படி விலை போடுகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். ஐந்தாவது தடவை அவர் போடும் தொகை குருட்டுத் தொகையாக இருக்காது.

மூன்றாவது, ஆதாரம். முடிவில் தவறு இருப்பதாக நினைத்தால், தமிழ்நாடு சட்டத்தின் 11-வது பிரிவின்படி உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை முன்பும் இருந்ததுதான். ஆனால் கையில் எதை வைத்துக்கொண்டு முறையிடுவது? இப்போது ரசீதும் நேரமும் அட்டவணையும் இருக்கின்றன.

வெளியூர்க்காரர் வந்துட்டா?

நியாயமான கேள்வி. கதவு திறந்தால் இரண்டு பக்கமும்தானே திறக்கும்.

இதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. லூயிஸ்-ஃபாபெல், நெக்கர்ஸ், ஓல்கன், ரோகிணி பாண்டே ஆகிய பொருளாதார அறிஞர்கள் இந்தியாவின் பிரதம மந்திரி கிராமச் சாலைகள் திட்டத்தையும் இந்தோனேசியாவின் பொதுப்பணிகளையும் எடுத்துக்கொண்டு, இ-டெண்டர் வந்த பிறகு என்ன மாறியது என்று பார்த்தார்கள். 2016-ல் வெளியானது. எல்லோரும் எதிர்பார்ப்பது விலை குறைந்திருக்கும் என்று. அவர்கள் கண்டது வேறு. அரசு கொடுக்கும் விலை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தியாவில் சாலைகளின் தரம் கூடியிருந்தது. இந்தோனேசியாவில் வேலை தாமதமாவது குறைந்திருந்தது. காரணம்? வேலை நடக்கும் பகுதிக்கு வெளியே இருந்து வந்தவர்கள் ஜெயிப்பது கூடியிருந்தது. அதாவது, நல்லா வேலை செய்கிற, ஆனால் உள்ளூர் ரிங்கில் இடமில்லாத ஆட்களுக்கு வழி கிடைத்திருந்தது.

சங்கரன்கோவிலில் வேலை எடுத்துச் செய்பவருக்கு இது கொஞ்சம் கசக்கலாம். மதுரையில் இருந்தோ கோவையில் இருந்தோ ஒருவர் இங்கே வந்து டெண்டர் போடுவார். ஆனால் இதே ஆள் ராஜபாளையத்திலும் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் யாரையும் கேட்காமல் டெண்டர் போடலாம். தன் ஊரில் பாதுகாப்பாக இருப்பதா, பத்து ஊரில் போட்டி போடுவதா என்பதில் எது லாபம் என்பது ஆளைப் பொறுத்தது. ரிங்குக்குள் இருந்தவருக்கு நிச்சயம் நஷ்டம்தான். அவருக்காக வருத்தப்பட வேண்டுமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

தறி ஊருக்கு இதில் என்ன?

சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரருக்கு ஆடித்தபசும் பிரியாணியும் நினைவுக்கு வரும். ஊர்க்காரருக்குத் தறிச் சத்தம். விசைத்தறி ஊர் இது. எனவே கட்டட வேலையை விட்டுவிட்டுத் துணிக்கு வருவோம்.

1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் இன்றைக்கும் பொங்கலையொட்டி சுமார் 1.77 கோடி சேலை, 1.77 கோடி வேட்டி என்ற அளவில் நடக்கிறது. ஆனால் நெசவு வேலை கைத்தறி, பெடல்தறி, விசைத்தறிக் கூட்டுறவு சங்கங்கள் வழியாகத்தான் போகிறது. டெண்டர் வருவது நூல் வாங்குவதில். அதில் போட்டி போடுவது மில்கள். எனவே நான்கைந்து தறி வைத்திருப்பவர் இந்தத் திட்டத்தில் கூலிக்கு நெய்பவர்தான், அரசுக்கு நேரடி சப்ளையர் இல்லை.

நேரடியாக விற்க வேண்டும் என்றால் வேறு வாசல் பார்க்க வேண்டும். துண்டு, பெட்ஷீட், திரைத்துணி, மருத்துவமனைத் துணி என மத்திய அரசு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அவை பெரும்பாலும் 2016 ஆகஸ்டில் தொடங்கிய 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தை வழியாக வாங்குகின்றன. இங்கே சிறு, குறு நிறுவனங்களுக்கு என்று ஒரு கொள்கை இருக்கிறது. 2012-ல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கை உத்தரவின்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் பட்டியலின, பழங்குடியின உரிமையாளர்களிடம், 3 சதவீதம் பெண் உரிமையாளர்களிடம். முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை, டெண்டர் ஆவணம் இலவசம். 358 பொருட்களைச் சிறு, குறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அதில் உண்டு. பக்கத்திலேயே, ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் போன ஊர். இந்தப் பட்டியல் எவ்வளவு பேருக்குச் சோறு போடும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

விலையிலும் ஒரு கை கொடுக்கிறார்கள். உதாரணத்துக்கு, மிகக் குறைந்த விலை போட்ட பெரிய கம்பெனியின் விலை 100 ரூபாய், நீங்கள் போட்டது 113 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருப்பதால், அதே 100 ரூபாய்க்கு நீங்கள் இறங்கி வரத் தயார் என்றால், ஆர்டரில் குறைந்தது 25 சதவீதம் சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும். தோற்றும் தோற்காத நிலை.

ஆனால் இதற்கு உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேர வேலை. 'உத்யம் எடுத்துத் தாரேன், ரெண்டாயிரம்' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொரு விஷயம்: இந்தச் சலுகைகள் உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். ஈரோட்டில் வாங்கி இங்கே விற்கும் வியாபாரியும் உத்யம் பதிவு செய்யலாம். ஆனால் அவருக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான், கொள்முதல் சலுகை கிடையாது. இது தெரியாமல் முன்வைப்புத் தொகை கட்டாமல் டெண்டர் போட்டால் தொழில்நுட்ப உறையிலேயே வெளியே தள்ளிவிடுவார்கள். மாநில அரசு டெண்டர்களில் விலக்கு விதி வேறு, எனவே ஒவ்வொரு ஆவணத்திலும் அந்தப் பத்தியைத் தேடிப் படிப்பது நல்லது.

ஜெம் தளத்தில் எனக்கு உறுத்துவது தலைகீழ் ஏலம். திரையில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்களும் இறங்க வேண்டும். நூல் விலை வாரா வாரம் ஆடுகிற தொழிலில், ஆர்டர் பிடிக்கும் ஆசையில் ரெண்டு ரூபாய் அதிகமாக இறங்கிவிட்டால் தறி ஓட்டுவதே நஷ்டத்துக்குத்தான். எதுவரை இறங்கலாம் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருவது உத்தமம்.

பிரவுசிங் சென்டரில் ஒரு பென் டிரைவ்

இப்போது அந்த டோக்கனுக்கு வருவோம்.

சின்ன ஊர்களில் இ-டெண்டர் போடுபவர்களில் பலர் தாங்களே கம்ப்யூட்டரில் உட்காருவதில்லை. பிரவுசிங் சென்டரிலோ, டெண்டர் ஏற்றித் தருவதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடமோ கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் டோக்கனையும் பின் நம்பரையும் அங்கேயே வைத்துவிட்டு வருவது? உங்கள் கையெழுத்தை வெற்றுப் பேப்பரில் போட்டுக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு, அந்த ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் வாங்கியவரின் பொறுப்பு என்கிறது. பின்னால் 'நான் போடலை சார், அந்தத் தம்பிதான் போட்டான்' என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரே டெண்டருக்கு மூன்று பேர் ஒரே சென்டரில் இருந்து ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே ஐ.பி. முகவரியில் இருந்து போயிருக்கும். தமிழ்நாட்டு டெண்டர்களை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர், போட்டியாளர்கள் ஒரே ஐ.பி. முகவரியில் இருந்து டெண்டர் தாக்கல் செய்திருப்பதைக் கூட்டுச் சேர்ந்ததற்கான அடையாளமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ரிங்கைப் பிடிக்க இது நல்ல வழிதான். பழைய ரிங் வாசலில் நின்றது, புது ரிங் ஒரே மோடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஊரில் நல்ல இணைப்பு உள்ள சென்டர் ஒன்றுதான் என்பதால் அங்கே போன அப்பாவியும் அதே பட்டியலில் விழ வாய்ப்பிருக்கிறது. அதனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்து, சொந்த லேப்டாப்பில் ஏற்றுவதே பாதுகாப்பு. விலைத் தொகையை மட்டுமாவது நீங்களே நிரப்புங்கள். மூன்று போட்டியாளரின் விலையும் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சென்டர்காரராக இருந்தால், பெட்டிக்கு ரெண்டு பூட்டு போட்டு என்ன பிரயோஜனம்?

மென்பொருளே தவறாகப் போனால்? நடந்திருக்கிறது. 2018-ல் மத்தியப் பிரதேசத்தில் குடிநீர்த் திட்டங்களுக்கான மூன்று டெண்டர்களில், சர்வருக்குள்ளேயே விலை மாற்றப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2019 ஏப்ரலில் அந்த மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. அது தனி மென்பொருள். பிறகு அந்த மாநிலம் தேசிய தகவலியல் மையத்தின் மென்பொருளுக்கு மாறியது. கவனிக்க வேண்டியது, விவகாரம் வெடித்ததற்குக் காரணமே மயிரிழையில் வேலையை இழந்த ஒரு நிறுவனம் கேள்வி கேட்டதுதான். உக்ரைன் 2016-ல் கட்டாயமாக்கிய 'புரோசோரோ' இணையதளம் இதைப் புரிந்துகொண்டு, டெண்டர் விவரங்கள் எல்லாவற்றையும் பொதுமக்களே பார்க்கும்படி திறந்து வைத்தது. நம் ஊரில் போட்டியில் கலந்துகொண்டவருக்குத் தெரிகிற அளவு வெளியாளுக்குத் தெரிவதில்லை.

நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சதி இல்லை, சில்லறைத் தவறு. விலை எக்ஸெல் கோப்பின் பெயரை மாற்றிவிடுவது. அந்தக் கோப்பு எந்தப் பெயரில் இறங்கியதோ அதே பெயரில்தான் ஏற வேண்டும். விலைப்பட்டியலைத் தெரியாமல் தொழில்நுட்ப உறையில் சேர்த்துவிடுவது. திருத்த அறிவிப்பு வந்ததைப் பார்க்காமல் பழைய ஆவணத்தையே ஏற்றுவது. டோக்கனின் காலம் முடிந்ததைக் கடைசி நாளில் கண்டுபிடிப்பது. மூன்று மணி டெண்டருக்கு இரண்டரைக்கு உட்காருவது. அதே நேரத்தில்தான் மாநிலமே உட்கார்ந்திருக்கும், அதே நேரத்தில்தான் கரண்டும் போகும். முதல் நாளே ஏற்றிவிடுங்கள். தொகையில் மனசு மாறினால்தான் மறுபடி ஏற்ற வழி இருக்கிறதே.

இணையம் தொடாத இரண்டு

முதலாவது, நிபந்தனை. கடந்த மூன்று வருடத்தில் இத்தனை கோடி விற்றுமுதல், இதே மாதிரி வேலை இத்தனை செய்திருக்க வேண்டும் என்று ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி நிபந்தனை வைத்தால், இ-டெண்டர் அதை அப்படியே வெளிப்படையாகக் காட்டும். தடுக்காது. பத்து சின்ன வேலைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டி டெண்டர் விட்டாலும் இதே கதைதான். பத்து உள்ளூர்க்காரர் செய்திருக்க வேண்டியதை ஒரு பெரிய கம்பெனி எடுத்து, அதே பத்துப் பேருக்குக் குறைந்த கூலிக்கு உள்குத்தகை விடும். நிபந்தனை நியாயமில்லை என்று தோன்றினால், டெண்டர் மூடும் முன் விளக்கம் கேட்கும் காலத்துக்குள் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். தோற்ற பிறகு கேட்டால் அதற்கு மதிப்புக் குறைவு.

இரண்டாவது, பணம். டெண்டர் ஆன்லைன், பில் என்னவோ பழைய வேகத்தில்தான். பொருளைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் சப்ளையருக்கு ஒரு சட்டம் உதவும். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, உத்யம் பதிவு பெற்ற சிறு, குறு சப்ளையருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகாரும் பதியலாம். அரசு அலுவலகம் மேலேயே பதியலாம். அது சரி, அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தானே போட வேண்டும் என்று யோசித்துப் பலர் பதிவதில்லை. இந்தப் பயத்துக்கு இதுவரை யாரும் மென்பொருள் எழுதவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் பெரியப்பாவிடம் பேசி முடித்த பிறகு, முடிந்துபோன ஒரு டெண்டரின் முடிவுப் பக்கத்தை என் செல்போனில் எடுத்துக் காட்டினேன். நாலு பேர் போட்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு தொகையாக வாசித்தார். முதல் ஆளின் தொகைக்கும் இரண்டாவது ஆளின் தொகைக்கும் நடுவே விரலை வைத்து நிறுத்தினார்.

"இவன் இம்புட்டுக் கொறச்சுப் போட்டிருக்கானே, சிமெண்ட் விக்கிற விலைக்கு இது கட்டுமா?" என்றார். பிறகு, "ரெண்டாவது ஆளு கணக்குதான் சரி. யாரு இது, எந்தூர்க்காரரு?"